இரு நாட்டுக் கைகுலுக்கல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பிரித்த பழந்துணி மூட்டையில் பாதிக்கு மேல் குளிர்காலக் கோட்டுகள். இசெபானியாவில் எவன் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு மாடு மேய்க்கப் போகிறான்? மொம்பாசா வியாபாரி என் தலையில் கட்டிவிட்டான். போன் போட்டுத் திட்டினேன். இந்த வருடம் பனி பெய்யும் என்று வைத்துக்கொள்ளுங்களேன் அக்கா என்றான். அதற்கும் சேர்த்துத் திட்டினேன். கோபத்தை உள்ளே அடக்காதே, இரத்தக் கொதிப்பு ஏறும் என்கிறார் டாக்டர். வெளியே விட்டால் வாடிக்கையாளர்கள் ஓடுகிறார்கள். அதற்காகத்தான் இந்த டைரி.

மாலையில் ஏரிநாடுகள் ஒன்றியத்தின் கலாசாரப் பிரிவிலிருந்து நகிமுலி என்ற அம்மாள் கடை தேடி வந்தார். உகாண்டாக்காரர். எங்கள் ஆட்டக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். சனிக்கிழமை ஆடிக் காட்ட முடியுமா என்று கேட்டார். போகும்போது ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷி.

மார்ச் 8, சனி

தம்பி மொகேசியின் முற்றத்தில் ஆடினோம். எப்போதும் அங்கேதான். என் கடையிலிருந்து சாலையைக் கடந்து, சோதனைச் சாவடிக்குப் பின்னால் இருக்கும் மாட்டுத் தடத்தில் நடந்தால் அவன் வீடு. நான் இருக்கும் இசெபானியா கென்யா. அவன் இருக்கும் சிராரி தான்சானியா. அப்பாவுக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. என்னை இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார், அந்தப் பக்கத்து வீட்டை அவனுக்குக் கொடுத்தார். குழுவிலும் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. யார் எந்தப் பக்கம் என்று நான் யோசித்ததே இல்லை. எல்லோரும் ஒரே குரியா இனம், குரியாக்காரர்கள் என்றால் குரியாக்காரர்கள், அவ்வளவுதான்.

மொகேசி வழக்கம்போல யாழை மடியில் சாய்த்துக்கொண்டு, "அக்கா, தொண்டையைக் காட்டு" என்றான். நான் முனகினேன். அந்த முனகலுக்கு ஏற்றபடி எட்டு நரம்பையும் முறுக்கினான். அப்பாவும் அப்படித்தான் செய்வார். பாடுகிறவளுக்கு அன்றைக்கு வாய்த்த குரல் எதுவோ அதுதான் சுருதி. சளி பிடித்திருந்தால் சளி பிடித்த சுருதி. பிறகு மரக்கட்டைச் செருப்பு கட்டியவர்கள் இறங்கினார்கள். கட்டை மண்ணில் இறங்குகிற அடிக்குத்தான் யாழ் நடக்கும். யாழ் நடக்கிற நடைக்குத்தான் நான் பாடுவேன். இதில் எது முதல், எது பின் என்று எங்களுக்கே தெரியாது.

நகிமுலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழு நாடும் ஒரே வீடுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. நீங்க சும்மா ஆடியே காட்டிட்டீங்க" என்றார். ஆகஸ்டில் உகாண்டாவின் ஜிஞ்ஜாவில் ஒன்றியத்தின் கலைவிழா நடக்கிறது. இந்த வருடத் தலைப்பு 'எல்லை இல்லாப் பண்பாடு'. எங்களைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். மொகேசியின் மனைவி வங்குரு எல்லோருக்கும் புளித்த பால் ஊற்றினாள். குழுவில் ஒருவருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

இன்று யாரையும் திட்டவில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான்.

மார்ச் 27

விழா அலுவலகத்திலிருந்து ஒருவன் போனில் பேசினான். ஒவ்வொரு நாடும் தன் குழுவைத் தானேதான் அனுப்ப வேண்டுமாம். ஒரு நாட்டுக் குழுவில் அந்த நாட்டுக் குடிமக்கள் மட்டும்தான் இருக்கலாமாம். எங்களைக் கென்யாவின் குழுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது பாதி எங்களை.

யாழ் வாசிக்கிறவன் என்ன ஆவான் என்று கேட்டேன். அவர் தான்சானியாக்காரர் ஆயிற்றே மேடம் என்றான். அவன் என் கூடப்பிறந்தவன் என்றேன். விதி அப்படி, நான் போட்ட விதி இல்லை என்றான். சரி, விழாவின் தலைப்பு என்ன, அதைச் சொல் என்றேன். எல்லை இல்லாப் பண்பாடு என்று அவனே வாயால் சொன்னான். சொன்ன பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு வெள்ளைக்காரன் எங்கேயோ உட்கார்ந்து அப்பாவின் நிலத்துக்கு நடுவே கோடு கிழித்தான். அவனையாவது ஒரு கணக்கில் விட்டுவிடலாம், அவனுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. இவர்களுக்கு என்ன கேடு? வந்தார்கள், பார்த்தார்கள், அழுதார்கள், பால் குடித்தார்கள். போய் அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு போடுகிறார்கள். அதற்கு ஒற்றுமை என்று பேர் வேறு.

மார்ச் 28

நகிமுலி போனை எடுக்கவில்லை. என்னிடம் வாங்கிப்போன கம்பளிக் கோட்டைப் பூச்சி அரிக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

மொகேசியிடம் சொல்லப் போனேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர்கள் நாட்டு அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறான். குரியா ஆட்டத்தைக் கென்யாக்காரர்கள் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நம் நாடு மட்டும் என்ன இளப்பமா என்று ஓடி வந்திருக்கிறான். மொகேசியே ஒரு குழு கட்டட்டுமாம்.

யாருமே போக வேண்டாம் என்றேன். பாதியாகக் கூப்பிட்டால் முழுசாக மறுப்பதுதான் மரியாதை. அவன் யாழின் தோலைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் அப்படித் தடவினால் எனக்கு எதிராகப் பேசப் போகிறான் என்று அர்த்தம்.

"அக்கா, ரெண்டு குழுவாவே போவோம். மேடை ஏறின பிறகு ஒண்ணா சேர்ந்துக்குவோம். அத்தனை பேருக்கு முன்னால யாரு வந்து நம்மள பிரிச்சு இழுக்கப் போறா?"

"அவங்க இழுக்க வேணாம்டா. நாமளே பிரிஞ்சுதானே ஏறுறோம்."

"உனக்குக் கடை இருக்கு, கோபம் இருக்கு, பொழுது போயிடும். நம்ம ஆளுங்களப் பாரு. தினம் நாடு தாண்டுறாங்க, ஒரு ஊரைப் பார்த்ததில்ல."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லோரும் கூடினோம். எல்லோருக்கும் போக ஆசை. நான் ஒருத்திதான் வேண்டாம் என்றேன், என் பேச்சு எடுபடவில்லை. ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க, கட்டைச் செருப்பு ஆடுகிறவர்களில் மூத்தவர் மகாய்வா, "கென்யாக்காரங்க மாட்டுப்பட்டிப் பக்கம் நில்லுங்க, தான்சானியாக்காரங்க வீட்டுப் பக்கம் நில்லுங்க" என்றார். நின்றார்கள். நியாங்கி அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மறுபடி அங்கே போய் இருக்கிறவள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். எல்லோரும் சிரித்தோம். புருஷன் சமாதானம் பேச வரும்வரை நடுவிலேயே நில்லு என்றாள் வங்குரு.

நானும்தான் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை. அந்த முற்றத்தில் எத்தனை வருடம் ஆடியிருக்கிறோம்! ஒருவர்கூட இதற்கு முன் அப்படிப் பிரிந்து நின்றதில்லை.

ஏப்ரல் 20

இரண்டு குழுவும் தனித்தனியாகப் பழக வேண்டும் என்று உத்தரவு. மேற்பார்வை பார்க்க ஆள் வருவானாம். ஒளிந்துகொண்டு ஒன்றாகப் பழகுகிறோம், கள்ளச் சாராயம் காய்ச்சுவது போல.

மே 12, திங்கள்

நகிமுலி நேரிலேயே வந்தார். முகம் வாடியிருந்தது. இரண்டு நாடும் ஒரே ஆட்டத்தைக் காட்டினால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். அதனால் ஒரு ஏற்பாடு. கென்யா கட்டைச் செருப்பை எடுத்துக்கொள்ளட்டும். தான்சானியா யாழை எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு முதலில் புரியவேயில்லை. ஒரு ஆளின் காலை ஒரு வீட்டுக்கும் கையை இன்னொரு வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பதா? ரெண்டும் சேர்ந்தால்தானே அது ஆட்டம் என்றேன். கடைக்கு வெளியே கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் ஒரு கோட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தெரியுது வெய்சிகோ. உங்க ஆட்டத்தைப் பார்த்தவ நான். ஆனா ஏழு கொடி இருக்கு, ஏழும் தனித்தனியாத் தெரியணும்னு ஏழு மந்திரியும் கேக்கறாங்க. எல்லாரும் ஒண்ணுன்னு காட்டணுமாம், ஆனா யாரும் இன்னொருத்தர் மாதிரி இருந்துடக் கூடாதாம். இதுக்கு மேல சண்டை போட்டா உங்க ரெண்டு குழுவையுமே தூக்கிடுவாங்க."

பொய் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நல்லவளை என்ன செய்வது? தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மே 19

ரேடியோவில் காலை முழுக்க இதே பேச்சு. 'குரியா யாழ் யாருடையது?' நைரோபியிலிருந்து ஒருவன் பேசினான், தாருஸ்ஸலாமிலிருந்து ஒருவன் பேசினான். இரண்டு பேரும் அதைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவன் ஆறு நரம்பு என்றான். மற்றவன் அதைத் திருத்தாமல் அந்த ஆறு நரம்பும் எங்களுடையது என்றான். வீட்டுக்காரர் கெரரியோ ரேடியோவை அணைத்தார். நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி அணைத்துவிட்டு, இது உனக்கு வியாதி என்றார்.

வியாதிதான். சட்டை வாங்க வந்தவன்கூட, யாழ் நம்ம நாட்டோடதுதானே அக்கா, விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போகிறான். சட்டை வாங்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

இதை எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சிராரிக்குப் போனேன். ஒளிந்து பழகுவதற்குத்தான். முற்றத்தில் அவர்கள் குழு மட்டும் புது உடையில் உட்கார்ந்திருந்தது, தான்சானியக் கொடியின் நிறத்தில் தோளில் பட்டை. மேற்பார்வையாளன் உள்ளே இருக்கிறானாம். மொகேசி, இன்றைக்கு வேண்டாம் அக்கா, அப்புறம் பார்க்கலாம் என்றான். அதோடு திரும்பியிருக்கலாம். நான் திரும்புகிற ஜாதியா? யாழ் இல்லாமல் நான் எதை வைத்துப் பழகுவது என்று கேட்டேன்.

வங்குரு வாசலில் நின்றபடி, "நீங்க கட்டையக் கட்டிக்கிட்டு ஆடுங்க அண்ணி, யாரு வேணாம்னா? யாழு எங்களோடது" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். அவள் வாய் அப்படித்தான், எனக்கு அது பிடிக்கவும் பிடிக்கும். ஆனால் எங்களோடது என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அது நேராக மண்டையில் ஏறியது. யாருடைய எங்கள்? அந்த யாழுக்கு மரம் எங்கே வெட்டியது தெரியுமா, என் வீட்டுக்குப் பின்னால், கென்யாவில் என்றேன். தோல் எங்க மாட்டோடது, இங்க செத்த மாடு என்றாள் அவள். நரம்பு? நரம்பும் அதே மாட்டின் நரம்புதான் என்று குழுவிலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். இப்படியே போயிற்று. செத்த மாட்டைக் கூறு போட்டுக்கொண்டு நின்றோம்.

அப்புறம் நான் சொன்னேன்.

"அது என் அப்பன் யாழு. நான் மூத்தவ. கொண்டா இங்க."

மொகேசி யாழைத் தடவவில்லை.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாதா? ஏன் கேட்கக் கூடாது? அவன் பெண்டாட்டி கேட்கலாம், நான் கேட்கக் கூடாதா?

ஜூன் 3

காலையில் கடை திறக்கப் போனால் பூட்டில் யாழ் தொங்குகிறது. துணியால் சுற்றி, நரம்புகளைத் தளர்த்தி, பத்திரமாக. அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 4

கெரரியோ அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "வாசிக்கிறவனை விட்டுட்டு வாத்தியத்தைப் புடுங்கிட்டு வந்திருக்க. இதுல ஈரத்துணி காயப் போடலாம்" என்றார். நான் பதிலே சொல்லவில்லை. அவர் பயந்துபோய் இரவுச் சாப்பாட்டுக்கு அவரே மாவு கிண்டினார். களி கட்டி தட்டியிருந்தது. சாப்பிட்டேன்.

ஜூன் 22

அவன் புதிதாக ஒரு யாழ் செய்கிறானாம். நியாங்கி சொன்னாள். அவள் தான்சானியக் குழுவில் சேர்ந்துவிட்டாள். இனி அவள்தான் பாடப் போகிறாளாம். அவள் குரல் மெலிசு, மூக்கால் வருகிற குரல். அந்த மூக்குக்கு அவன் நரம்பு முறுக்கப் போகிறான்.

ஒருத்தியின் மூக்கின் மேல் இவ்வளவு கோபம் வருமா?

ஜூலை 9

எங்கள் குழுவுக்கு மிகோரியிலிருந்து கீபோர்டு வாசிக்கிற ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். தேவாலயத்தில் வாசிக்கிறவர், நல்ல மாதிரி. என்ன சுருதி வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, என் தொண்டையைக் கேளுங்கள் என்றேன். ஒரு பட்டனை அழுத்தினார். இதில் பாடுங்கள் என்றார். இனி எனக்குச் சளி பிடிக்கக் கூடாது.

கட்டைச் செருப்பின் அடி அந்தப் பெட்டிக்குக் கேட்பதே இல்லை. அது தன்பாட்டுக்குப் போகிறது. மகாய்வா, "நாம முந்துறமா அது முந்துதான்னே தெரியல" என்று பாதியில் நின்றுவிட்டார். பிறகு மறுபடி ஆடினார். என்ன செய்வது, ஜிஞ்ஜா பார்க்க வேண்டுமே.

ஆகஸ்ட் 20, ஜிஞ்ஜா

விடுதியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாடி. எங்களுக்கு மூன்றாவது. சிராரிக்காரர்கள் ஐந்தாவது. எல்லோருக்கும் கழுத்தில் அட்டை, நாட்டுக்கு ஒரு நிறம். சாப்பாட்டுக் கூடத்தில் நிறம் பார்த்துத்தான் மேசை. கொங்கோக்காரர்கள் ருவாண்டாக்காரர்களின் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஒரு பெரிய ரகளை. அதற்கு மேலே பெரிய துணித் தட்டியில் 'ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது.

மொகேசியைத் தூரத்தில் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். தலையாட்டினான். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

விழாவின் முடிவில் ஏழு குழுவும் மேடைக்கு வந்து ஒன்றியத்துக்கென்று புதிதாக எழுதிய பாட்டைப் பாட வேண்டும். பாட வேண்டாம், வாயசைத்தால் போதும், பாட்டு ஏற்கெனவே பதிவு செய்தாகிவிட்டது. ஏழு நாட்டு மொழியிலும் ஆளுக்கொரு வரி. குரியா எந்த நாட்டின் மொழியும் இல்லை, அதனால் அதில் எங்களுக்கு வரியே இல்லை. போகட்டும். அதுவல்ல விஷயம்.

பாட்டின் நடுவில், பக்கத்து நாடுகள் இரண்டு இரண்டாக முன்னால் வந்து கை கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்நியர்கள் அண்டை வீட்டார் ஆகிறார்கள் என்று காட்டுகிறார்களாம். கென்யாவின் சார்பில் பாடகி. தான்சானியாவின் சார்பில் யாழ்க்காரர். மேடை நிகழ்ச்சியை நடத்தும் இயக்குநருக்கு எதுவும் தெரியாது, ஆள் பார்க்க எடுப்பாக இருக்கிறோம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நான் மேடையிலேயே சொன்னேன். ஐயா, இவன் என் தம்பி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நாங்கள் எப்படி அந்நியராகக் கை கொடுப்பது?

அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, "இதை வெளிய சொல்லாதீங்கம்மா. ரெண்டு நாட்டுக்காரங்க முதல் தடவையா சந்திக்கிறதுதான் கதை. குடும்பம்னு தெரிஞ்சா மேடையில என்ன இருக்கு? அதுவும் இல்லாம இவரு உண்மையிலயே எந்த நாடுன்னு கேள்வி வரும்" என்றார்.

குடும்பம் என்று தெரிந்தால் மேடையில் என்ன இருக்கிறது! தட்டியில் என்னய்யா எழுதி வைத்திருக்கிறாய் என்று கத்தினேன். நகிமுலி ஓடிவந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார், அடுத்த வருடம் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்றார். அவர் கண்ணில் மறுபடி தண்ணீர். அந்தத் தண்ணீரை நான் இனிமேல் நம்பப் போவதில்லை.

மொகேசி நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தான். பிறகு இயக்குநரிடம், எந்த அடிக்கு எந்தக் காலை வைத்து வர வேண்டும் என்று கேட்டான்.

ஒத்திகை பார்த்தோம். நான் இந்தப் பக்கமிருந்து, அவன் அந்தப் பக்கமிருந்து. நடுவில் நின்று கை கொடுத்தோம். அவன் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது, புது யாழின் மரம் செதுக்கிய காய்ப்பு. கட்டிக்கொள்ளும்போது என் காதில், "உன் கை நடுங்குது அக்கா" என்றான். உன் வேலையைப் பார் என்றேன். வெய்சிகோ, இன்னும் கொஞ்சம் சிரித்த மாதிரி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுபடி செய்தோம். மறுபடியும்.

ஆகஸ்ட் 23, சனி

விழா முடிந்தது. எல்லோருக்கும் பலத்த கைதட்டல். கீபோர்டு ஒரு இடத்தில் தடுக்கியது, யாருக்கும் தெரியவில்லை.

நியாங்கி பாடியதை மேடையோரம் நின்று கேட்டேன். கட்டையடி இல்லாத யாழ் மொட்டையாக இருந்தது. ஆனால் அவள் மூக்குக் குரலும் அந்தப் புது நரம்பும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மோசமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடையில் ஏறின பிறகு சேர்ந்துக்குவோம் என்றானே, சேர்ந்தோம். சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்தபடி. முன்வரிசையில் தலைவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேமராக்கள் மின்னின. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பதிவு செய்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு வாயசைப்பதாக நினைத்திருப்பான்.

செப்டம்பர் 30

படம் வந்துவிட்டது. சோதனைச் சாவடியின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். நானும் அவனும் கட்டிக்கொண்டு நிற்கிறோம். 'இரு நாடுகள், ஒரே இதயம்'. மேலே ஏழு கொடி. என் பல் அத்தனையும் தெரிகிறது.

லாரி ஓட்டுநர்கள் கடைக்கு வந்து, படத்தில் இருப்பது நீங்கள்தானே, கூட இருக்கும் ஆள் யார் என்கிறார்கள். முதலில் வந்தவனுக்கு விவரமாகச் சொன்னேன். இரண்டாவது ஆளுக்குச் சுருக்கமாக. இன்று ஒருவன் கேட்டான், தான்சானியாவின் யாழ்க்காரர் என்று சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணினேன்.

அக்டோபர் 18, சனி

யாழை எடுத்துக்கொண்டு சிராரிக்குப் போனேன். வங்குரு சண்டையாவது போடுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வங்குரு அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். வாங்க அண்ணி என்றாள். ஒரு குத்தல் இல்லை, கேலி இல்லை. மொகேசி இல்லை, முசோமாவில் நிகழ்ச்சியாம், இப்போது நிறைய இடங்களில் கூப்பிடுகிறார்களாம்.

அப்பாவின் யாழை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. நீங்கதானே மூத்தவங்க. அவருக்குப் புதுசு பழகிடுச்சு" என்று மரியாதையாகச் சொன்னாள். இருபது வருடத்துக்கு மேலாக என்னை வாயால் வறுத்து எடுத்தவள். ஒரு பதில் பேச்சாவது பேசித் தொலைடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. தேநீர் கொடுத்தாள், குடித்தேன்.

திரும்பி வரும்போது மாட்டுத் தடத்தில் நடந்துகொண்டே அழுதேன். கோபத்தில்தான்.

நவம்பர் 15

நகிமுலியிடமிருந்து செய்தி. அடுத்த வருடமும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். கென்யக் குழுவை. அந்தக் கைகுலுக்கல் எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போயிற்றாம், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமாம்.

பதில் போடவில்லை.

டிசம்பர் 13, சனி

மொகேசியின் மூத்த மகள் ரோபிக்குப் பரிசமாக மாடு வந்த நாள். மாப்பிள்ளை வீட்டார் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது, பெண்ணின் அத்தை எதிரே போய் நின்று பாட வேண்டும். கொம்பு சரியில்லை, மடி சரியில்லை என்று ஒவ்வொரு மாட்டையும் கேலி செய்து பாடி வழி மறிக்க வேண்டும். ரோபி பிறந்த அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்காகத்தான் வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு நொண்டிக் காளைக்கென்றே தனியாக நாலு வரி.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அடுப்படிக்குப் போகலாம் என்று நேராக நடந்தேன். எனக்குத் தெரியாத ஒரு பெண், வங்குருவின் பக்கத்து உறவு போல, கையைப் பிடித்து நிறுத்தி, "நீங்க எதுக்குப் புகையில போய் நிக்கறீங்க, வாங்க" என்று முன்வரிசைக்குக் கூட்டிப்போனாள். பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கையில் சோடா கொடுத்தாள். மைக் பிடித்தவன், கென்யாவிலிருந்து வருகை தந்திருக்கும் நம் சிறப்பு விருந்தினர் என்று என் பெயரைச் சொன்னான். கைதட்டினார்கள். மொகேசியும் கைதட்டினான். அவன் முகத்தில் கபடு இல்லை. எனக்கு மரியாதை செய்கிறோம் என்று உண்மையாகவே நினைத்துச் சந்தோஷமாக இருந்தான்.

மாடுகள் வந்தன. நியாங்கி எதிரே போய் நின்று பாடினாள், அவனுடைய யாழ் கூடவே போயிற்று. நல்ல மாடுகள், ஒன்றுகூட நொண்டவில்லை.

இப்போது எழுந்து நான் போட்டிருக்க வேண்டிய சண்டை எப்பேர்ப்பட்டது! நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, என் தம்பி வீட்டில் எனக்கு எவன்டா நாற்காலி போட்டது என்று கேட்டிருக்க வேண்டும். கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். சோடாவைக் குடித்து முடித்தேன். ரோபி புதுத் துணியும் மணியுமாக வந்து குனிந்து, "சௌகரியமா இருக்கா அத்தை, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

வெயில் சாய்ந்தபோது எழுந்து, இருட்டுவதற்குள் எங்கள் பக்கம் போய்விட வேண்டும் என்று சொன்னேன். நானேதான் சொன்னேன். மொகேசியும் வங்குருவும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.